குடி வந்தாயிற்று; உலை வைத்தாயிற்றா?

சென்னைக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்கு

தினமும் விடியற்காலையில் எழும்பூரிலும் தாம்பரத்திலும் ரெயில்கள் வந்து நிற்கின்றன. கிளாம்பாக்கத்தில் பஸ்கள் வந்து நிற்கின்றன. கூட்டம் கூட்டமாக மக்கள் இறங்குகிறார்கள்.

இவர்களில் சிலர் கல்யாணத்துக்கு வந்தவர்கள். சிலர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். இன்னும் சிலர் இங்கேயே தங்கி வாழ வந்தவர்கள்.

தங்க வந்தவர்களைப் பார்த்தாலே தெரியும். கையில் பெட்டி இருக்கும். தோளில் குழந்தை தூங்கும். ஒரு பையில் ஊர் அரிசி இருக்கும். ஒரு தூக்குச் சட்டியில் அம்மா போட்ட ஊறுகாய் இருக்கும்.

வேலை கிடைத்துவிட்டது. வாடகைக்கு வீடும் கிடைத்துவிட்டது. இனி என்ன கவலை?

சாப்பாட்டுக் கவலைதான்!

"முதல் ஒரு மாதம் ஓட்டலில் சாப்பிட்டுக் கொள்ளலாம். பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஒரு மாதத்தில்தான் பணம் கரைகிறது, வயிறும் கெடுகிறது.

கணக்குப் பார்க்கலாம். வீட்டில் 4 பேர். ஒரு சாப்பாடு 100 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இரண்டு வேளைக்கு 800 ரூபாய் ஆகிறது. 30 நாளைக்கு 24 ஆயிரம் ரூபாய்! காலைப் பலகாரமும் காப்பியும் இதில் சேரவில்லை.

சம்பளமே அவ்வளவுதான் என்றால், வாடகையை எங்கே தேடுவது? பள்ளிக்கூடச் சம்பளத்தை எங்கே தேடுவது? கடன்தான் வாங்க வேண்டும். முதல் மாதம் வாங்கிய கடனை அடைக்கவே ஒரு வருஷம் ஆகும்.

ஆகையால், பட்டணத்துக்கு வந்த குடும்பம் முதலில் பற்ற வைக்க வேண்டியது அடுப்பைத்தான்.

வீட்டைப் பார்க்கும்போது

வீடு பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? கூடத்தைப் பார்க்கிறார்கள். காற்று வருகிறதா என்று பார்க்கிறார்கள். சமையல் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

குழாயைத் திறந்து பாருங்கள். அதில் வருவது மெட்ரோ தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா என்று கேளுங்கள். கொஞ்சம் வாயில் விட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் அதற்குத் தகுந்தபடி தயாராக வேண்டும். எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும், எத்தனை மணிக்கு வரும் என்பதையும் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஜன்னல் இருக்கிறதா? புகை வெளியே போக வழி இருக்கிறதா? கியாஸ் சிலிண்டர் நிற்க இடம் இருக்கிறதா? இவை எல்லாம் முக்கியம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

"வீட்டில் மீனும் கறியும் சமைக்கலாமா?" என்பதுதான் அது.

சென்னையில் சில வீட்டுக்காரர்கள் அசைவம் சமைக்கக் கூடாது என்கிறார்கள். முன்பணம் கொடுத்துச் சாமானை இறக்கிய பிறகு இது தெரிந்தால் என்ன ஆகும்? தினமும் சண்டைதான் நடக்கும். அல்லது பிள்ளைகள் வாயைக் கட்ட வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

பேசிய விஷயங்களை எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் ஒழிய, முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. இது தெரியாமல் 10 மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, அரிசி வாங்கக் காசு இல்லாமல் நிற்பவர்கள் உண்டு.

பருப்பு ஏன் வேகவில்லை?

புதிதாக வந்த வீட்டில் முதல் நாள் சமையல். அம்பாசமுத்திரத்தில் பிறந்து, தாமிரபரணித் தண்ணீரில் சமைத்துப் பழகிய பெண். ஊரில் அவள் வைத்த சாம்பாரைக் குறை சொன்னவர் கிடையாது. சென்னையில் என்ன நடக்கிறது? பருப்பு வேகவே இல்லை! பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கிறாள்.

"அக்கா, உங்க வீட்டுல துவரம் பருப்பு எந்தக் கடையில வாங்குறீங்க? நான் வாங்குனது கல்லு மாதிரி இருக்கு."

"எத்தனை விசில் விட்டேம்மா?"

"அஞ்சு விட்டேன் அக்கா. பிறகு ரெண்டு விட்டேன். ஊருல மூணு விசிலுக்கே குழைஞ்சிடும்."

"எந்தத் தண்ணி ஊத்துனே?"

"குழாய்த் தண்ணிதான்."

"பருப்பு மேல தப்பு இல்லம்மா. அது போர் தண்ணி. உப்பு. குடிக்கிற தண்ணியை ஒரு சொம்பு ஊத்தி வேக வச்சுப் பாரு."

அக்கா சொன்னது உண்மை. காரணமும் இருக்கிறது.

பருப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அந்த அறைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. நல்ல தண்ணீரில் வேகும்போது அந்தப் பசை இளகிவிடும். பருப்பு குழைந்துவிடும்.

கடினத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் என்ற உப்புகள் அதிகம். கால்சியம் அந்தப் பசையைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. பசை இளகாது. பருப்பும் குழையாது. எத்தனை விசில் விட்டாலும் கியாஸ்தான் வீணாகும்.

என்ன செய்யலாம்?

பருப்பை அரை மணி நேரம் ஊற வைக்கலாம். கொண்டைக் கடலை, மொச்சை போன்றவற்றை முதல் நாள் இரவே ஊறப் போடலாம். ஊற வைக்கவும் வேக வைக்கவும் நல்ல தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். புளியையும் தக்காளியையும் பருப்பு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பும் பருப்பை வேக விடாது.

ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும். ஆனால் தினமும் போடக் கூடாது. பருப்பில் இருக்கும் தயமின் என்ற உயிர்ச்சத்தை சோடா அழித்துவிடும். வேகாத பருப்பை வேக வைக்கப் போய், சத்து இல்லாத பருப்பைச் சாப்பிட்டதாக ஆகும்.

பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே உப்புதான். சோப்பு நுரைக்காமல் போவதும் இதனால்தான். புதிதாக வந்தவர்கள், "இந்த ஊர் சோப்பு சரியில்லை" என்று கடையை மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது கடையை அல்ல.

குடிக்கும் தண்ணீர்

சென்னையில் தண்ணீருக்கு ஒரு கதை உண்டு.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளை நம்பி இருக்கும் நகரம் இது. வீராணத்தில் இருந்தும் தண்ணீர் வருகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன.

இத்தனை இருந்தும், 2019-ம் ஆண்டு கோடையில் நான்கு ஏரிகளும் வறண்டுவிட்டன. மக்கள் குடத்தோடு வீதிக்கு வந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். முதல் ரெயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர்.

அன்று சில ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. வீட்டில் கைப்பிடி அரிசியும் ஒரு குடம் தண்ணீரும் வைத்திருந்தவர்களுக்கு வயிறு காயவில்லை.

ஆகவே சமையலுக்குத் தனிக் குடம், குடிக்கத் தனிக் குடம், கழுவத் தனி வாளி என்று பிரித்து வைக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம்.

கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தயாரித்த தேதியையும், 14 எண்கள் கொண்ட உணவுத் துறை உரிம எண்ணையும் பார்க்க வேண்டும். எந்தத் தண்ணீரில் சந்தேகம் வந்தாலும் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற வைத்துக் குடிப்பதே நல்லது. கொதித்தால் கிருமி சாகும். ஆனால் கரிப்பு மட்டும் போகாது.

கியாஸ் அடுப்பு

ஊரில் கியாஸ் இணைப்பு வைத்திருந்தவர்கள் அதை மறந்துவிட்டு வரக் கூடாது. புறப்படும் முன்பே பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டும். கட்டிய வைப்புத் தொகையைத் திரும்ப வாங்கிக் கொண்டு, மாற்றல் சீட்டும் வாங்கிக் கொள்ள வேண்டும். அதை இங்கே உள்ள ஏஜென்சியில் கொடுத்தால் இணைப்பு தொடரும்.

முகவரிச் சான்று இல்லாதவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் இருக்கிறது. அடையாளச் சான்று ஒன்றைக் காட்டி வாங்கலாம். தெருவோரத்தில் திருட்டுத்தனமாக நிரப்பிக் கொடுக்கும் சிலிண்டரைத் தொடவே கூடாது. அது வெடித்தால் ஒரு குடும்பம் மட்டும் அல்ல, அந்த வரிசையே போய்விடும்.

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கியாஸ் இருக்க வேண்டும். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதி இருக்கும். இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. கொண்டு வருகிறவரிடம், "தம்பி, எடை போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். அது உங்கள் உரிமை.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை. சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை. டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பக்கத்தில் இருப்பது வருஷம். அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய காலம் அது. காலம் கடந்திருந்தால் வாங்க வேண்டாம்.

சென்னைக்கு வருகிறவர்களில் பலருக்கு முதலில் கிடைப்பது ஒரே அறை உள்ள வீடு. சமையலும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். ஆகையால் கவனம் இரண்டு மடங்கு வேண்டும்.

சமையல் கியாஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில்தான் தேங்கும். தரையில் பாய் விரித்துக் குழந்தைகள் படுத்திருப்பார்கள்! இரவில் படுக்கும் முன் அடுப்பின் திருகை மூடினால் மட்டும் போதாது. ரெகுலேட்டரையும் மூட வேண்டும்.

கியாஸ் நாற்றம் அடித்தால் விளக்குச் சுவிட்சைப் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். சுவிட்சில் பறக்கும் சின்னப் பொறியே போதும், தீப்பிடித்துவிடும். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கடையில் என்ன பெயர்?

தமிழ்நாட்டுக்குள்ளே ஊர் மாறினால் மொழி மாறாது என்று நினைப்போம். மளிகைக் கடைக்குப் போனால் தெரியும்!

தெற்கே சீனி என்பது வெள்ளைச் சர்க்கரை. சென்னைக் கடையில் சர்க்கரை என்றாலே வெள்ளைச் சர்க்கரைதான். சர்க்கரைப் பொங்கலுக்கு, "சர்க்கரை கொடுங்க" என்று கேட்டுப் பொட்டலத்தை வாங்கிக் கொண்டு வந்து பிரித்தால், உள்ளே வெள்ளைச் சீனி இருக்கும். இங்கே வெல்லம் என்று கேட்க வேண்டும்.

மதுரையில் பொரிகடலை என்பார்கள். இங்கே பொட்டுக் கடலை. அங்கே மல்லி என்றால், இங்கே தனியா. பாசிப் பருப்பு இங்கே பயத்தம் பருப்பு ஆகிவிடுகிறது. சீனி அவரைக்காய் கொத்தவரங்காய் ஆகிவிடுகிறது. சின்ன வெங்காயம் சாம்பார் வெங்காயம் ஆகிவிடுகிறது.

இதற்கு வெட்கப்பட வேண்டியது இல்லை. "நாங்க ஊருல இப்படிச் சொல்லுவோம், அண்ணே" என்று சொன்னால், கடைக்காரர் சிரித்துக் கொண்டே எடுத்துக் கொடுப்பார். அவரும் பல வருஷங்களுக்கு முன் தெற்கே இருந்து வந்தவராகவே இருக்கலாம்.

ஒரு காலத்தில் பெயர் மட்டும் அல்ல, அளவும் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. ஓர் ஊர்ப் படி இன்னோர் ஊரில் படி ஆகாது. 1956-ம் ஆண்டு எடை, அளவுச் சட்டம் வந்து, கிலோவும் லிட்டரும் எல்லா ஊருக்கும் பொதுவான பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

எங்கே வாங்குவது?

காய்கறிக்குப் பெரிய சந்தை கோயம்பேடு. முன்பு ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடியில் இருந்த மொத்தக் காய்கறிக் கடைகள், 1996-ம் ஆண்டு கோயம்பேட்டுக்கு மாறின. காய்க்கும், கனிக்கும், பூவுக்கும் அங்கே தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன.

அங்கே விலை குறைவுதான். ஆனால் கூடை கூடையாக வாங்கினால்தான் லாபம். இரண்டு கத்தரிக்காய்க்குப் பஸ் ஏறிப் போனால், டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு காய் விலையைத் தாண்டிவிடும். பக்கத்தில் உள்ள நாலு வீடு சேர்ந்து, வாரத்துக்கு ஒருவர் போய் வாங்கி வந்து பங்கு போட்டுக் கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

மயிலாப்பூர் மாட வீதியிலும் சைதாப்பேட்டையிலும் சில்லறைக்கு நல்ல காய் கிடைக்கும். தள்ளுவண்டிக்காரர் வீட்டு வாசலுக்கே வருவார். கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கொசுறாகக் கொடுப்பார்.

மீனுக்குக் காசிமேடு. செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பளிச்சென்று இருக்க வேண்டும். சதையை விரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப் படகுகள் கடலுக்குப் போவது இல்லை. மீன் முட்டையிடும் காலம் என்பதால் இந்தத் தடை. அந்த நாட்களில் மீன் விலை ஏறும். அப்போது கருவாடும் முட்டையும் கை கொடுக்கும்.

பால் பாக்கெட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்குகிறோம். அதில் அச்சாகி இருக்கும் கொழுப்பு அளவையும் படியுங்கள். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம். ஸ்டாண்டர்டு பாலில் 4.5 சதவீதம். முழுக் கொழுப்புப் பாலில் 6 சதவீதம். காப்பிக்கு எது, குழந்தைக்கு எது, தயிருக்கு எது என்று பார்த்து வாங்கலாம். ஆவின் மாத அட்டை வாங்கினால் விலையும் குறைவு.

ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறதே!

பலருக்கு இந்தக் கவலை உண்டு. கவலை வேண்டாம்.

2020-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இருந்து, தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. கார்டில் பெயர் உள்ளவர் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும். 2011-ம் ஆண்டு முதல் அரிசி இலவசம். பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

நிரந்தரமாகத் தங்குவது என்று முடிவு செய்துவிட்டால், முகவரியை மாற்றிக் கொள்வது நல்லது.

அடுப்பு தயாராகாத முதல் இரண்டு நாளைக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் தொடங்கியபோது, ஒரு இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று விலை வைத்தார்கள். வந்து இறங்கிய எத்தனையோ பேருக்கு இந்த ஊரில் முதல் சாப்பாடு அதுதான்.

மாவு புளிக்கிறது!

ஊட்டியில் இருந்து ஒரு குடும்பம் சென்னைக்கு வருகிறது என்று வைத்துக் கொள்வோம். ஊட்டியில் மாலையில் அரைத்து வைத்த இட்லி மாவு மறுநாள் காலையிலும் சரியாகப் பொங்கி இருக்காது. போர்வை போட்டு மூடி வைப்பார்கள். அதே பழக்கத்தில் சென்னையில் வைத்தால், விடியும் முன் மாவு பொங்கி வழிந்து தரையில் கோலம் போட்டிருக்கும்! வாயில் வைத்தால் புளிப்பு.

மாவைப் பொங்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். வெப்பத்தில் அவை வேகமாகப் பெருகும். சென்னையில் கோடைக் காலத்தில் 6 மணி முதல் 8 மணி நேரம் போதும். இரவு தாமதமாக அரைக்க வேண்டும். பொங்கியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஒரு நாளைக்கு வேண்டிய அளவு மட்டும் அரைப்பது நல்லது.

புளித்த மாவைக் கொட்டாதீர்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம் வார்க்கலாம். குழிப் பணியாரம் ஊற்றலாம்.

மிச்சம் வைத்த சோறும் குழம்பும் இந்த ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். அளந்து வடிப்பதுதான் சிக்கனம்.

மழைக்கு முன்னே

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்கள் சென்னைக்கு மழைக் காலம்.

2015-ம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தில், மாடி வீட்டுக்காரர்களும் ஒரு பாக்கெட் பாலுக்கு அலைந்தார்கள். 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. மிக்சி ஓடவில்லை. குழாயில் தண்ணீர் ஏறவில்லை. குளிர்பெட்டியில் இருந்ததெல்லாம் கெட்டது.

ஆகையால், செப்டம்பர் முடியும் முன்பே கொஞ்சம் சேர்த்து வைக்க வேண்டும். அரிசி, பருப்பு, அவல், ரவை, பால் பவுடர், மெழுகுவத்தி, தீப்பெட்டி, மூன்று நாளைக்குக் குடிக்கத் தண்ணீர். இவற்றைத் தரையில் வைக்கக் கூடாது. உயரத்தில் வைக்க வேண்டும். பொடி அரைக்க மிக்சியை மட்டும் நம்பாமல், ஒரு சிறிய அம்மியோ உரலோ வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள்.

ஆண்கள் சமைக்கக் கூடாதா?

ஊரில் அம்மா இருந்தார். அத்தை இருந்தார். ஒருவர் அரைத்தால் ஒருவர் குழந்தையைப் பார்த்துக் கொள்வார். இங்கே யார் இருக்கிறார்கள்? கணவன் இருக்கிறான், மனைவி இருக்கிறாள், அவ்வளவுதான்.

பல வீடுகளில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். காலையில் இரண்டு பேருக்கும் ஒரே அவசரம். அப்போது மனைவி மட்டும் அடுப்படியில் வேக, கணவன் செல்போனைப் பார்த்துக் கொண்டிருந்தால் என்ன நியாயம்?

காய் நறுக்குவது பெரிய வித்தை அல்ல. குக்கரில் சோறு வைப்பதும் பெரிய வித்தை அல்ல. இரண்டு வாரத்தில் எந்த ஆணும் கற்றுக் கொள்ளலாம்.

கல்யாணம் ஆகாத வாலிபர்கள் பலர் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்குகிறார்கள். அங்கே பெரும்பாலும் சமைக்க இடம் இல்லை. கொஞ்ச நாளில் வயிறு எரிய ஆரம்பித்ததும் மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறார்கள். ஒருவர் நறுக்குகிறார். ஒருவர் சமைக்கிறார். ஒருவர் பாத்திரம் கழுவுகிறார். வாரத்துக்கு ஒரு முறை முறை மாறுகிறது. இந்த ஏற்பாடு கலையாமல் இருக்க ஒன்றே ஒன்று வேண்டும். கணக்கு நோட்டு! அன்றைய செலவை அன்றே எழுதிவிட வேண்டும்.

வந்தவர்கள் கொண்டு வந்த ருசி

சென்னையில் இன்று சாப்பிடும் பல பண்டங்கள் வெளியே இருந்து வந்தவர்கள் கொண்டு வந்தவை.

பர்மாவில் 1962-ம் ஆண்டு ராணுவ ஆட்சி வந்தது. அங்கே பல காலம் வாழ்ந்த தமிழர்கள், கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது கையில் காசு இல்லை. தெரிந்த சமையல் மட்டும் இருந்தது.

அவர்கள் போட்ட தள்ளுவண்டிக் கடைகளில் வந்ததுதான் அத்தோ. நூடுல்சில் முட்டைக்கோசும் வெங்காயமும் போட்டு, புளித்தண்ணீர் விட்டுக் கையால் கலந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். பாரிமுனைப் பக்கம் கடற்கரை ரெயில் நிலையத்துக்கு அருகில் இன்றும் மாலையில் கூட்டம் மொய்க்கிறது. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்கு அந்தச் சமையல்தான் சோறு போட்டது.

சௌகார்பேட்டைக்குப் போனால் கச்சோரியும் ஜிலேபியும் கிடைக்கும். வடக்கே இருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் கொண்டு வந்தவை அவை. சைதாப்பேட்டை வடகறியோ இந்த ஊரின் சொந்தச் சரக்கு. கடலைப் பருப்பு வடையை உதிர்த்துப் போட்டுச் செய்யும் அந்தக் குழம்பை, புதிதாக வந்தவர்களும் ஒரு வாரத்தில் கற்றுக் கொள்கிறார்கள்.

ஆகவே, "எங்க ஊர்ச் சொதி இங்கே யாருக்குத் தெரியும்?" என்று திருநெல்வேலிக்காரர் வருத்தப்பட வேண்டியது இல்லை. கோயம்புத்தூர்க்காரர் அரிசியும் பருப்புச் சாதத்தை மறைத்து வைக்க வேண்டியதும் இல்லை. ஒரு கிண்ணத்தில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கொடுத்த கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கம் அல்ல. இரண்டு நாள் கழித்து அதில் வேறு ஏதாவது வரும். ஒரு பிடி கீரையாவது வரும்.

பட்டணத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முகம் கூடத் தெரியாது என்று சொல்வார்கள். கிண்ணம் போய் வந்த வீடுகளில் அப்படி இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நள்ளிரவில் கதவைத் தட்டலாம். ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். தண்ணீர் லாரி வந்தால், "உன் குடத்தையும் வரிசையில் வச்சிருக்கேம்மா, ஓடி வா" என்று ஒரு குரல் கேட்கும்.